தாளிச்சாலே அலாரம் கத்துதா? ஸ்மோக் டிடெக்டர் ஏன் அடிக்குதுன்னு ஒவ்வொன்னா கண்டுபிடிக்கலாம்

அமெரிக்காவுக்கு புதுசா வந்து அபார்ட்மெண்ட்ல குடியேறுற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறது இதுதான், கடுகு வெடிச்ச உடனே சீலிங்ல இருக்குற வெள்ளை டப்பா காது கிழியுற மாதிரி கத்துது, அதை எப்படி ஆஃப் பண்றது? உடனே யாராவது ஒருத்தர் பேட்டரிய கழட்டிடுங்க, இல்லன்னா மேல ஒரு பிளாஸ்டிக் கவர கட்டிடுங்கன்னு சொல்லிடுவாங்க. தயவு செஞ்சு ரெண்டையும் பண்ணாதீங்க. இங்க தீ பாதுகாப்பு விதிகள வகுக்குற என்எஃப்பிஏ கணக்குப்படி, வீட்டுத் தீயில இறந்து போறவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல மூணு பேர், டிடெக்டரே இல்லாத வீட்டுலயோ, இருந்தும் வேலை செய்யாத வீட்டுலயோ இருந்தவங்கதான். அது கத்துறதுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை கண்டுபிடிச்சா நீங்க தாளிக்கவும் செய்யலாம், டிடெக்டரும் அது வேலைய பாக்கும்.

ஸ்டெப் 1: முதல்ல சத்தத்த கவனிங்க

எல்லா சத்தமும் ஒன்னு கிடையாது. மூணு தடவ பீப் பீப் பீப், சின்ன இடைவெளி, திரும்ப மூணு தடவன்னு வந்தா அது புகை. நாலு தடவ அடிச்சு கொஞ்சம் நின்னு திரும்ப நாலு தடவன்னு வந்தா அது கார்பன் மோனாக்சைடு. இத லேசா எடுத்துக்காதீங்க, அந்த கேஸுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, கேஸ் ஹீட்டர் சரியா எரியலன்னா வீட்டுக்குள்ள சேர்ந்துடும், அதனால எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போய் 911 கூப்பிடுங்க, காரணத்த உள்ள நின்னு தேட வேண்டாம். அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு தடவ "கீச்"னு மட்டும் வந்தா அது புகையே இல்ல, பேட்டரி விஷயம், அதுக்கு கீழ வரேன்.

புகை சத்தம் அடிச்சு, அடுப்புல ஒன்னுமே இல்லன்னா, சும்மாதான் அடிக்குதுன்னு நினைக்காதீங்க. மத்த ரூம், பிளக் பாயிண்ட், டிரையர் எல்லாத்தயும் ஒரு சுத்து பாருங்க, எங்கயாவது கருகுற வாசனையோ புகையோ இருந்தா நேரா வெளிய போயிடுங்க.

ஸ்டெப் 2: சமையல் புகைதான்னு தெரிஞ்சா

அடுப்ப அணைங்க, ஜன்னலயோ பால்கனி கதவயோ திறங்க. முக்கியமா, காரிடார் பக்கம் இருக்குற மெயின் கதவ திறக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள இருக்குற டிடெக்டர் பெரும்பாலும் உங்க வீட்டுக்கு மட்டும் தான் அடிக்கும், ஆனா காரிடார்ல டிடெக்டர் இருந்தா அது மொத்த பில்டிங் அலாரத்தோட சேர்ந்தது, உங்க மிளகாய் புகை அங்க போச்சுன்னா எல்லா மாடியும் காலியாகி ஃபயர் டிரக் வந்து நிக்கும். அப்புறம் டிடெக்டர்ல ஹஷ்னு ஒரு பட்டன் இருக்கும், பல மாடல்ல டெஸ்ட் பட்டனே அந்த வேலையும் செய்யும், அத அமுக்கினா எட்டு பத்து நிமிஷம் அமைதியா இருந்துட்டு தானா பழைய நிலைக்கு வந்துடும். இதுக்குன்னே வெச்சிருக்குற பட்டன் அது, தாராளமா அமுக்குங்க.

வீட்டுல நாலஞ்சு டிடெக்டர் ஒன்னோட ஒன்னு வயர்ல கனெக்ட் ஆகியிருந்தா, ஒன்னு அடிச்சா எல்லாமே அடிக்கும். ஆரம்பிச்சு வெச்சது எதுன்னு பாக்க, சிவப்பு லைட் வேகமா மின்னுறது எதுன்னு தேடுங்க, பெரும்பாலான மாடல்ல அதுதான்.

ஸ்டெப் 3: உங்களுது எந்த வகை?

டிடெக்டர லேசா திருப்பினா பேஸ்ல இருந்து கழண்டு வரும், பின்னாடி லேபிள படிங்க. அமெரிசியம் 241னு போட்டிருந்தா அது அயனைசேஷன் வகை. உள்ள இருக்குற ரொம்பச் சின்ன அளவு கதிரியக்கப் பொருள் காத்த அயனியாக்கி ஒரு மெல்லிய கரண்ட்ட ஓட விடும், புகைத்துகள் உள்ள நுழைஞ்சா அந்த கரண்ட் குறையும், உடனே அலாரம். (பயப்பட வேண்டாம், அதுல வர்ற ஆல்ஃபா துகள் காத்துலயே சில சென்டிமீட்டர்ல நின்னுடும், டப்பாவ உடைக்காம இருந்தா போதும்.) இந்த வகை, கண்ணுக்கே தெரியாத சின்னத் துகள்கள சட்டுனு பிடிக்கும். நல்லா சூடான எண்ணெயில இருந்தும் தோசைக்கல்லுல இருந்தும் கிளம்புறது அந்த மாதிரி துகள்தான், அதனாலதான் ரூம்ல புகையே தெரியாதப்ப கூட கத்துது.

இன்னொன்னு போட்டோஎலக்ட்ரிக். உள்ள ஒரு லைட்டும் அதுக்கு நேரா இல்லாம சாய்வா ஒரு சென்சாரும் இருக்கும், ஜன்னல் வழியா வெயில் விழும்போது தூசி மின்னுற மாதிரி புகையில பட்டு சிதறுற வெளிச்சம் சென்சார்ல விழுந்தா அலாரம். சோபா, மெத்தை மாதிரி பொருள்ல கொழுந்துவிட்டு எரியாம கனன்றுகிட்டே இருக்குற தீய இது சீக்கிரம் பிடிக்கும், தாளிப்புக்கு கொஞ்சம் பொறுமையா இருக்கும், ஆனா சாம்பிராணி புகையும் குளியல் ஆவியும் இதுக்கு ஆகாது. புதுசா வாங்குறதுன்னா யூஎல் 217 (ஸ்மோக் அலாரத்துக்கான பாதுகாப்பு தர விதி) எட்டாம் பதிப்புன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அதுல ஹாம்பர்கர் சுட்டு அந்தப் புகைக்கு தேவையில்லாம அடிக்குதான்னு டெஸ்ட் பண்றாங்க. மிளகாய் வறுத்துப் பாக்கல தான், ஆனாலும் நமக்கு பழசவிட எவ்வளவோ மேல்.

ஸ்டெப் 4: தூரத்த அளங்க

அடுப்புக்கும் டிடெக்டருக்கும் குறைஞ்சது 10 அடி இருக்கணும். 10ல இருந்து 20 அடிக்குள்ள இருந்தா போட்டோஎலக்ட்ரிக்கா இருக்கணும், இல்ல ஹஷ் பட்டனாவது இருக்கணும். ஷவர் இருக்குற பாத்ரூம் கதவுல இருந்து 3 அடி தள்ளி இருக்கணும். இது இல்லன்னா லீசிங் ஆபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்லுங்க, நீங்களா கழட்டி வேற இடத்துல மாட்டாதீங்க.

ஸ்டெப் 5: அடுப்பு பக்கம் மாத்த வேண்டியது

இதுதான் தினமும் உதவும். அடுப்புக்கு மேல இருக்குற மைக்ரோவேவ் ஃபேன போட்டாச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, நிறைய அபார்ட்மெண்ட்ல அது புகைய வெளிய தள்ளாது, ஒரு ஃபில்டர் வழியா இழுத்து திரும்ப கிச்சனுக்குள்ளயே விட்டுடும். ஃபேன் ஓடும்போது மேல் பக்க கிரில்ல கைய வெச்சுப் பாருங்க, காத்து உங்க மூஞ்சிக்கு வந்தா அப்படித்தான். அப்ப ஜன்னல் திறந்தே ஆகணும், தாளிக்கறதுக்கு முன்னாடியே திறங்க, கத்தினதுக்கு அப்புறம் இல்ல. கீழ இருக்குற கம்பி ஃபில்டர கழட்டி வெந்நீர்ல சோப்பு போட்டு கழுவுங்க.

கடுகு வெடிக்க எண்ணெய் புகையணும்னு அவசியமே இல்ல, மிதமான சூட்டுலயே வெடிக்கும். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரம் புகையும், ரீஃபைண்ட் எண்ணெய் தாங்கும். கண்ணாடி மேல்பாகம் வெச்ச கரண்ட் அடுப்புல குறைச்சாலும் சூடு உடனே இறங்காது, ஊர்ல கேஸ் அடுப்புல தோசை சுட்ட கைக்கு இது பழக கொஞ்ச நாள் ஆகும், கல்லுல ஒட்டியிருக்குற பழைய எண்ணெய்தான் முதல்ல புகையும், அதனால தோசைக்கு தோசை கல்ல கொஞ்சம் தூக்கி வைங்க. மிளகாய் வறுக்குற வேலைய முடிஞ்சா மூடி போட்டு சின்ன தீயில பண்ணுங்க.

ஸ்டெப் 6: தூசியும் பூச்சியும்

சமைக்காத நேரத்துல அடிச்சா உள்ள தூசி அடைஞ்சிருக்கலாம், சின்னப் பூச்சி புகுந்திருக்கலாம். வேக்யூம் கிளீனரோட பிரஷ் முனையால சுத்தி இருக்குற ஓட்டை எல்லாத்தயும் உறிஞ்சி எடுங்க. ஸ்ப்ரே, தண்ணி எதுவும் அடிக்காதீங்க.

ஸ்டெப் 7: ராத்திரி மட்டும் வர்ற கீச்

விடியகாலை மூணு நாலு மணிக்கு ஆரம்பிக்கும், ஏன்னா வீடு குளிர்ந்தா தீரப்போற பேட்டரியோட வோல்டேஜ் இன்னும் இறங்கும், பகல்ல சூடானதும் சத்தம் நின்னுடும். பேட்டரிய மாத்துங்க, வீட்டு கரண்ட்ல ஓடுறதுக்கு கூட உள்ள ஒரு பேட்டரி இருக்கும். மாத்தியும் நிக்கலன்னா பேட்டரிய எடுத்துட்டு, வயர்ல இருக்குறதுன்னா அந்த கனெக்டரையும் கழட்டிட்டு, டெஸ்ட் பட்டன ஒரு பதினஞ்சு இருபது செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சமிருக்குற சார்ஜ் போகும், அப்புறம் திரும்ப மாட்டுங்க. அதுக்கும் நிக்கலன்னா பின்னாடி தயாரிச்ச தேதிய பாருங்க, 10 வருஷம் தாண்டியிருந்தா எந்த பேட்டரி போட்டாலும் பிரயோஜனம் இல்ல, முழுசா மாத்தணும்.

வாடகை வீடுன்னா மெயின்டெனன்ஸ்க்கு போன்ல சொல்றதோட விடாம ஆன்லைன்ல ரிக்வெஸ்ட் போடுங்க, தயாரிச்ச தேதி தெரியுற மாதிரி ஒரு போட்டோவும் சேத்துடுங்க. புதுசு மாட்டினதும் அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பட்டன அமுக்கி, படுக்கை ரூம் கதவ சாத்திக்கிட்டு உள்ள சத்தம் நல்லா கேக்குதான்னு பாத்துடுங்க.