பழைய வீட்டில் மாடி எடுக்க அனுமதி வாங்குவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மாடி எடுக்க நினைத்தபோது நான் முதலில் போனது கொத்தனாரிடம். அது தப்பு. கம்பி, சிமெண்ட் கணக்கெல்லாம் கடைசியில்தான்.

முதலில் அஸ்திவாரம். ஒரு தளத்துக்குப் போட்டது இன்னொன்றையும் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டமைப்புப் பொறியாளரை வைத்துச் சுவரோரம் குழி தோண்டிப் பாருங்கள். கரிசல் மண் என்றால் கட்டாயம் பார்க்கணும். மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண் அது. தூண் இல்லாத பழைய வீட்டில் மேல்சுவர் கீழ்ச்சுவரின் மேலேயே உட்கார வேண்டும். கீழே சுவர் இல்லாத தார்சாவுக்கு (கூடத்துக்கு) நேர் மேலே நடுச்சுவர் வைக்க ஆசைப்படாதீர்கள்.

அப்புறம் பழைய அனுமதி வரைபடத்தைத் தேடுங்கள். எங்களுடையது இரண்டு நாள் தேடலுக்குப் பின் பித்தளை அண்டாவுக்குள் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் வேறு சிக்கல்: படத்தில் பக்கவாட்டில் காலி இடம், நிஜத்திலோ அப்பா போட்ட சைக்கிள் கொட்டகை. அதைப் பிரித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிந்தது. அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம், சொத்து வரி ரசீது வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

2019 கட்டட விதிகளின்படி சாதாரண வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 4 சென்ட் மனையில் (சுமார் 1,742 சதுர அடி) எல்லாத் தளமும் சேர்த்து ஏறக்குறைய 3,484 சதுர அடி கட்டலாம். ஒற்றை மாடிக்கு இது தடையாவது அபூர்வம். மாட்டிவிடுவது சுற்றி விடவேண்டிய காலி இடம்தான்.

சரி, விண்ணப்பம். பதிவு பெற்ற பொறியாளர் படம் வரைந்து அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றுவார். மழைநீர் சேகரிப்பையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது), 2,500 சதுர அடிக்குள் (ஏறக்குறைய 5¾ சென்ட்) மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள வீட்டுக்கு உடனடியாக அனுமதி கிடைக்கும். உங்கள் மாடி அதில் சேருமா என்று பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சேராவிட்டால் வழக்கமான வழிதான்: இடத்தைப் பார்வையிடுவார்கள், கட்டணம் கட்டச் சொல்வார்கள், பிறகு ஆணை.

ஆணை கைக்கு வரும்வரை ஒரு செங்கல்கூட மேலே ஏறக்கூடாது. நல்ல நாள் போய்விடும் என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள். அடுத்த முகூர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் சொத்து வரியை மாடிக்கும் சேர்த்துத் திருத்தி வாங்குங்கள்.