கியர் பொக்ஸை இறக்குமுன் ஒரு டப்பா பவுடர்: பழைய டொல்பினில் ஒயில் லீக்கைத் தேடுவது எப்படி

எங்களுடையது 3எல் என்ற மொடல் டீசல் எஞ்சின் உள்ள பழைய டொயோட்டா டொல்பின் வேன். ஹட்டனில் ஹயர் ஓடுகிறது. போன வருஷ மழைக்காலத்தில், எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் கறுப்பாகச் சொட்டத் தொடங்கியது. கராஜில் குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தார்கள். "பின் சீல் போயிருச்சு தம்பி, பொக்ஸ இறக்கணும்." எஞ்சினின் பின்பக்கம் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்தச் சீல். இறக்கினோம், சீல் மாற்றினோம், இரண்டு நாள் ஹயரும் போனது. அடுத்த வாரமே அதே இடத்தில் அதே சொட்டு. கடைசியில் பார்த்தால், லீக் ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் ஹோஸில். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

1. முதலில் சமதரை

மலைநாட்டில் இதுவே பாதி வேலை. லயத்து ரோட்டில் மூக்கு மேலே பார்க்க வேனை நிறுத்தினால், எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஒயில், சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டி) விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு ஓடும். கியர் பொக்ஸ் பக்கம் வந்துதான் சொட்டும். ஒருநாள் தற்செயலாக வேனைத் திருப்பி, மூக்கு கீழே இருக்க நிறுத்தினேன். காலையில் பார்த்தால் சொட்டு முன்பக்கம். சீலுக்குக் கால் முளைக்காதே! அப்போதுதான் சந்தேகம் வந்தது.

கோயில் முற்றமோ மைதானமோ, கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் அங்கேயே பாருங்கள். சரிவில் அது பொய் சொல்லும். சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டான்ட் வேண்டும்.

2. என்ன ஒழுகுகிறது?

எஞ்சினுக்கு அடியில் வெள்ளைக் காட்போட் ஒன்றை இரவு முழுக்க விரித்து வையுங்கள். முன் சில்லு எங்கே இருந்தது என்று அதில் ஒரு கோடு போடுங்கள். காலையில் விரலில் தொட்டு, மோந்து பாருங்கள்.

கறுப்பென்றால் டீசல் எஞ்சின் ஒயில். சிவப்பாக, மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங். தடிப்பாக, அழுகிய பூண்டு மாதிரி நாறினால் கியர் ஒயில். பச்சையோ சிவப்போ, வழவழப்பும் இனிப்பு வாசமும் இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். அதை நக்கிப் பார்க்காதீர்கள், விஷம். நாய், பூனை வந்து நக்கவும் விடாதீர்கள். சில்லுக்கு உட்பக்கம் வெளிர் மஞ்சளாக ஏதும் கண்டால் பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம். கினிகத்தேனை இறக்கத்தில் பரிசோதிக்கும் விஷயமில்லை அது.

3. கழுவுங்கள்

பழைய ஒயிலும் புழுதியும் அப்பியிருக்கும்போது எந்த மெக்கானிக்காலும் சரியாகச் சொல்ல முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் அல்டனேட்டரைப் பொலித்தீனால் மூடுங்கள். டிகிரீசர் தடவிப் பிரஷால் தேய்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீர் எனக்குப் பிடிக்காது, வயர் சொக்கட்டுக்குள் எல்லாம் புகுந்துவிடும். நன்றாகக் காய விடுங்கள். நுவரெலியா பக்கம் என்றால் ஒரு நாளாவது விடுங்கள்.

4. பவுடர்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். காட்போட் காட்டுவது நிறுத்திய வண்டியின் லீக்கை மட்டும். என்னுடையது எஞ்சின் ஓடும்போது பிரஷரில் கசிந்த லீக். இரவில் விழுந்தது விளிம்பில் தங்கிய மிச்சம்தான். அதை வைத்து இடம் தேடியதால்தான் ஏமாந்தேன்.

டொல்பினில் முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். காய்ந்த எஞ்சின் மேல் பேபி பவுடரை மெல்லிய படலமாகத் தூவுங்கள். டப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரம், ஒயில் பில்டர், பிரஷர் சுவிட்ச், அல்டனேட்டரின் பின்பக்கம் எதையும் விடாதீர்கள். பெல்ட், காற்றாடி பக்கம் மட்டும் வேண்டாம். ஒரு ஏற்றம் ஏறி இறங்கி, பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சினை நிறுத்தி, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கீழே எங்கே அதிகம் நனைந்திருக்கிறது என்று தேடக் கூடாது. மிக உயரத்தில் நனைந்த இடம் எது, அதில் மிக முன்னால் உள்ளது எது என்று தேட வேண்டும். ஒயில் கீழே இறங்கும், காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். என் எஞ்சினில் வெள்ளைப் பவுடருக்கு நடுவே நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், அல்டனேட்டரின் முதுகில் வெக்யூம் பம்புக்குப் போகும் ஹோஸின் நுனி. கிளிப்புக்குப் பக்கத்தில் ரப்பர் வெடித்து, அதில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

டீசல் எஞ்சினில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வெக்யூம் கொடுப்பது அந்தப் பம்ப்தான். அதற்கு ஒயில் போகவில்லை என்றால் பம்ப் கெடும், பிரேக் கல்லாகும். ஹோஸ் வாங்கும்போது ஒயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் சீக்கிரமே ஊதிவிடும். எனக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது.

5. சீல் வாங்குமுன் இன்னொன்று

டப்பட் கவரிலிருந்து போகும், எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் பிரஷர் ஏறி, நல்ல சீலிலும் ஒயிலைத் தள்ளும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், செலவில்லாத வேலை. பில்டர் மாற்றிய கையோடு லீக் வந்தால், பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா பாருங்கள். முன்பக்கம் டைமிங் பெல்ட் கவருக்குள் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒயில் பட்ட பெல்ட் அறுந்தால் செலவு எஞ்சினோடுதான்.

யூவி சாயமும் நீல டோர்ச்சும் பெட்ரோல் எஞ்சினுக்கு நல்லது. கறுத்த டீசல் ஒயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் டாக்டர் கண்ணாடி ஒன்று வாங்கலாம், இல்லாவிட்டால் போன் வீடியோவே போதும். லீக்கை நிறுத்தும் என்று ஒயிலில் ஊற்றும் மருந்துகளை நான் நம்புவதில்லை. சிலிக்கோனை அள்ளிப் பூசவும் வேண்டாம். பிய்ந்த துண்டு சம்ப் சல்லடையை அடைக்கும்.

பிறகு சேர்த்தது: நுவரெலியாவிலிருந்து ஒருவர், ஒயில் மூடிக்கு அடியில் பால்டீ நிறத்தில் ஆடை படிந்திருக்கிறது, ஹெட் பெக்கிங் (ஒயிலும் கூலன்ட்டும் கலக்காமல் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் தகடு) போய்விட்டதா என்று கேட்டிருந்தார். அங்குள்ள குளிரில் தினமும் கடை வரைக்கும் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் ஈரம் தங்கி அப்படிப் படிவதுண்டு. டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்து கூலன்ட்டும் குறையாவிட்டால், மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால்டீ என்றால் ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு கேள்வி: பவுடர் முழுக்க நனைந்துவிட்டது, கோடே தெரியவில்லையாம். லீக் அவ்வளவு பெரிதென்றால் நான் சொன்ன பத்து நிமிஷம் அதிகம். மறுபடி கழுவி, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் மட்டும் ஸ்டார்ட்டில் வைத்துப் பாருங்கள்.