தொட்டி நிறைந்திருப்பது சபைக்கு மட்டும் தெரியட்டும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வருஷாவருஷம் ஒரு குட்டி நாடகம் போடுவார்கள். தலைப்பு எப்போதும் 'சமூகப் பொறுப்பு' மாதிரி ஏதாவது ஒன்று. முடிவும் எப்போதும் ஒன்றுதான்: ஒரு தாத்தா முன்னால் வந்து ஐந்து நிமிடம் அறிவுரை சொல்வார், அதற்குள் பாதிப் பேர் பிரியாணி வரிசைக்குப் போயிருப்பார்கள்.

நீங்களும் இப்படி ஒரு நாடகம் எழுதுவதானால், முதலில் அந்தத் தாத்தாவைப் பிரதியிலிருந்து வெட்டுங்கள். பொறுப்பைப் பற்றி யாரும் பேச வேண்டாம், ஒருவரை இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, வாளியோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீடு, பின்னால் ஒரு ஜோஜோ டேங்க், அதாவது பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டு ஆயா செம்போடு வருகிறார். "எங்களுக்கே இல்ல ஆயா" என்கிறாள் வீட்டுக்காரம்மா.

இதை இப்படியே வைத்தால் ஒன்றும் இல்லை. ஆனால் ஆயா வருவதற்கு முன்பே வீட்டுப் பையன் டேங்க்கைத் தட்டிப் பார்க்கிறான், 'தொப்' என்று நிறைந்த சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். இப்போது சபைக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்தம்மா சாதாரணமாக "உட்காருங்க ஆயா" என்று சொன்னால்கூட உறுத்தும்.

ஆங்கில நாடக ஆசிரியர் பிரீஸ்ட்லி 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில் செய்தது இதுதான். 1945-இல் மேடையேறிய அந்த நாடகத்தின் கதை 1912-இல் நடக்கிறது. டைட்டானிக் மூழ்கவே மூழ்காது, போரும் வராது என்று ஒரு முதலாளி அடித்துச் சொல்கிறார், பார்க்கிறவர்களோ இரண்டு உலகப் போரையும் கண்டவர்கள். அதனால் அவனவன் தன் வேலையைப் பார்த்தால் போதும் என்று அதே வாய் சொல்லும்போது அதையும் யாரும் நம்புவதில்லை. அப்புறம், ஒரு பெண்ணின் சாவை விசாரிக்க அந்த வீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர் அவள் போட்டோவை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காட்டுவார். நீங்களும் உண்மையை மொத்தமாகக் கொட்டாமல் ஆளுக்குக் கொஞ்சமாக விடுங்கள்.

கதவு தட்டும் சத்தம் நல்ல ஆயுதம், யாராவது உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் தட்ட வேண்டும். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், மூன்றாவதற்குச் சிரித்துவிடுவார்கள்.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது மௌனத்துக்கு. 1973-இல் கேப்டவுனில் மேடையேறிய 'தி ஐலண்ட்' நாடகத்தின் தொடக்கத்தில் இரண்டு கைதிகள் பேசாமல் மணலை வாரி, ஒருவர் தோண்டுகிற இடத்தில் மற்றவர் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், குவியல் குறையவே குறையாது. எங்கள் ஒத்திகையில் ஆயா செம்பை நீட்டியதும் பத்து எண்ணும்வரை பேசாதே என்று வீட்டுக்காரம்மாவாக நடித்த பெண்ணிடம் சொன்னேன். நான்கிலேயே சிரித்துவிட்டாள். சரி, சும்மா நிற்காதே, மேசையைத் துடை என்றேன். அடுத்த முறை ஏழு எண்ணியிருப்பேன், பின்வரிசையில் பேத்தியைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பாட்டி "குடுத்துத் தொலையேன்மா!" என்று கத்திவிட்டார். எனக்கு அந்த வருஷம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்கவில்லை.

நம்மிடமே இன்னொரு உத்தி இருக்கிறது. இங்கே 'சிக்ஸ் ஃபூட் டான்ஸ்' என்று பெயர் வாங்கிய தெருக்கூத்தில் கட்டியக்காரன் சபையைப் பார்த்தே பேசுவான். அவனை ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்கள்: "உங்க வீட்டு டேங்க்ல எவ்வளவு இருக்கு?" பதிலுக்கு நிற்காமல் போய்விட வேண்டும்.

முடிவில் லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு, வந்ததாக விளக்கை அணையுங்கள். இருட்டில் செம்பில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். குழாயைத் திறந்தது அம்மாவா பையனா என்று பிரதியில் எழுதவே வேண்டாம். அந்தச் சத்தத்தை மட்டும் முன்கூட்டியே போனில் பதிந்து வையுங்கள், நிஜத் தண்ணீர் விட்டால் ஹாலைத் துடைக்கப்போவது நீங்கள்தான்.