கடல்நீர் மேலெழுச்சியைக் காற்றை மட்டும் வைத்துக் கணிக்கும் தவறுகள்

கரையோரக் கடலில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதற்குக் காற்று காரணம் என்பது சரியே. ஆனால், காற்று மேல்நீரைக் கரையிலிருந்து நேரே வெளியே தள்ளுவதாக எழுதுவது பிழை. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு நாட்டில் காற்று பெரும்பாலும் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்காக வீசுகிறது. புவி சுழல்வதால், தென் அரைக்கோளத்தில் மேல்நீரின் மொத்த நகர்வு காற்றுக்கு இடப்புறமாக, அதாவது மேற்கே ஆழ்கடலை நோக்கி அமைகிறது. இதன் கணிதத்தை 1905இல் ஸ்வீடன் நாட்டு அறிவியலர் எக்மன் வகுத்தார். விலகிய நீரின் இடத்தை நிரப்ப வருவது கடலடி நீரும் அன்று. சில பத்து மீட்டர் முதல் 200, 300 மீட்டர் வரையான ஆழத்திலிருந்தே அது பெரும்பாலும் வருகிறது.

இந்த ஆழத்தைக் கணக்கில் கொள்ளாததால்தான் எல் நினோ, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு, பற்றிய பெருந்தவறு நேர்கிறது. எல் நினோ ஆண்டுகளில் பெரு நாட்டுக் கரையில் காற்று நின்றுவிடுவதால் மேலெழுச்சியும் நின்றுவிடுகிறது என்று பலர் விளக்குகிறார்கள். உண்மையில் தளர்வது பசிபிக்கின் மேற்கிலும் நடுவிலும் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்று. பெருவின் கரையோரக் காற்றோ 1982–83இன் கடும் எல் நினோவின்போதும் ஓயவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே பயணிக்கும் அலைகள் பெருவை எட்டும்போது அங்கே வெதுநீர் அடுக்கு தடிக்கிறது. ஊட்டச்சத்து நிறைந்த குளிர்நீர் காற்றின் கைக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. நீர் மேலே வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் வருவது சத்துக் குறைந்த வெதுநீர்; அதனால் மீனுக்கு இரை குறைகிறது. பெருவின் நெத்திலிப் பிடிப்பு 1970இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்து, 1973இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே சரிந்தது. அந்த வீழ்ச்சியை அப்போது வந்த எல் நினோவின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று; அளவுமீறிப் பிடித்ததும் அதற்குக் காரணம்.

புவி வெப்பமடைந்தால் மேலெழுச்சி வலுக்கும் என்பதை முடிந்த முடிவாகச் சொல்வதும் தவறு. கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறும், அதனால் காற்றழுத்த வேறுபாடு கூடிக் கரையோரக் காற்று வலுக்கும் என்று 1990இல் கடலியல் அறிஞர் ஆண்ட்ரூ பாகுன் முன்வைத்தது ஒரு கருதுகோள். கலிபோர்னியா, பெங்குவேலா (ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரை), ஹம்போல்ட் (பெரு, சிலி கரை) பகுதிகளின் பதிவுகள் அதற்குப் பெரும்பாலும் ஆதரவாக இருந்தாலும் ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய ஐபீரியக் கரையின் பதிவுகள் அவ்வாறு இல்லை. மேற்பரப்பு சூடேறி நீரடுக்குகள் கலக்க மறுத்தால், வலுத்த காற்றும் பயன் தராமற்போகலாம். மேலெழுச்சி வலுத்தால் மீன் பெருகும் என்பதற்கும் உறுதியில்லை: 2002இல் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வந்து நண்டுகளும் மீன்களும் மாண்டன.

பெருவின் கணக்கை அப்படியே நம் கரைக்குப் பொருத்தவும் கூடாது. கொல்லம் முதல் குமரி வரை மேலெழுச்சி முக்கியமாகத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிகழ்கிறது. அதில் உள்ளூர்க் காற்றோடு, தென்முனையைச் சுற்றி வடக்கே செல்லும் கரையோர அலைகளுக்கும் பங்கு உண்டு. சாளை குறைந்த ஆண்டில் கொச்சியின் காற்றுவேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரணம் தேடினால், அந்த அலைகள் கணக்கிலேயே வராமற்போகும்.