பழைய லாரி இன்ஜினுக்கு ஆயிலும் ஃபில்டரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளுக்கு வரும் பழைய லாரி உரிமையாளர்கள், அதிலும் 2010-க்கு முன் வாங்கிய மெக்கானிக்கல் பம்பு (மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத டீசல் பம்பு) வண்டியை வைத்திருப்பவர்கள், முதலில் கேட்பது "எந்த ஆயில் ஊற்றலாம்?" என்பதைத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் வயதான இன்ஜினைத் தேய்ப்பதில் தூசிக்கு ஈடான பகை வேறில்லை என்பதால், ஆயில் கடைக்குப் போகும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு லிட்டர் டீசல் எரிவதற்கே குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று தேவைப்படுகிறது. அந்தக் காற்றோடு நுழையும் மண் துகள் லைனருக்கும் (சிலிண்டரின் உள் உறை) பிஸ்டன் ரிங்குக்கும் இடையில் அரைபட்டு, பிறகு ஆயிலில் கலந்து பேரிங்கையும் தேய்க்கிறது.

கல் குவாரியில் ஓடிய எங்கள் டிப்பர் ஒன்று ஆயில் குடிக்கத் தொடங்கியபோது, நாங்கள் மூன்று முறை ஆயிலை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் எல்போவைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டியபோது, மாவு போன்ற சாம்பல் நிறத் தூசி விரலில் ஒட்டி வந்தது. கிளாம்பு மறைத்திருந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. ஃபில்டர் புதியது, ஆயில் உயர்ந்த தரம். ஆனாலும் காற்று அந்த வெடிப்பு வழியாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி தெரிந்தால், ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை வண்டியை லோடுக்கு அனுப்ப வேண்டாம்.

பேப்பர் ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டிச் சுத்தம் செய்வது அதன் மடிப்புகளைக் கிழிப்பதற்குச் சமம். காற்று அடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டுமே அடிக்க வேண்டும்; பிறகு இருட்டில் உள்ளே ஒரு பல்பை வைத்துப் பார்த்தால் ஊசித் துளை இருந்தாலும் ஒளிப் புள்ளியாகத் தெரிந்துவிடும். உள்ளிருக்கும் சிறிய பாதுகாப்பு ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் உள்ள, காற்றை ஆயில் வழியாக விட்டுத் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் கிளீனர், பேப்பர் ஃபில்டர் அளவுக்கு நுண்ணிய தூசியைப் பிடிக்காது என்பதால், குவாரி, செங்கல் சூளை போன்ற இடங்களில் ஓடும் வண்டிக்குப் பேப்பர் வகைக்கு மாறுவது நல்லது.

இனி ஆயிலுக்கு வருவோம். டப்பாவிலுள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வட்ட முத்திரையின் மேல் வளைவில் தரமும் நடுவில் கனமும் அச்சிடப்பட்டிருக்கும். 2002-இல் வந்த சிஐ-4, அதை மேம்படுத்தி 2004-இல் வந்த சிஐ-4 பிளஸ் ஆகியவை, இத்தகைய இன்ஜின்கள் கேட்கும் சிஎஃப்-4, சிஎச்-4 தரங்களுக்கு மேற்பட்டவை. கரியைத் தாங்கிப் பிடிக்கும் திறனும் அவற்றில் கூடுதல். 2016-இன் இறுதியில் வந்த சிகே-4 தரத்தில் காரத்தன்மை குறைவு, அது பழைய இன்ஜினை அரித்துவிடும் என்ற அச்சம் பட்டறைகளில் உண்டு. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிக்கவே அந்தக் காரத்தன்மை முக்கியமாகத் தேவைப்பட்டது. பாரத் ஸ்டேஜ் 3 என்ற பழைய மாசு விதிக்கால டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருந்த கந்தகம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10 பங்குக்குள் வந்துவிட்டதால், இன்று அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் சிகே-4 ஆயிலோடு விலை வேறுபாடு அதிகமானால், சிஐ-4 பிளஸ் தரத்தில் 15டபிள்யூ-40 (முதல் எண் குளிரில், இரண்டாவது எண் சூட்டில் உள்ள கனத்தின் குறி) மினரல் ஆயிலே போதுமானது என்பேன். எஃப்ஏ-4 என்று குறித்த ஆயிலைப் பழைய இன்ஜினில் ஊற்றவே கூடாது. அது புதிய வகை இன்ஜின்களுக்கென்று மெலிதாகச் செய்யப்பட்டது.

நம் சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 15டபிள்யூ, 20டபிள்யூ என்ற வேறுபாடு பெரிதல்ல. குளிர்காலத்தில் காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு ஏற்றப் போகும் வண்டிக்கு அது பெரிது; 15டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 20 பாகையிலும், 20டபிள்யூ ஆயிலின் சோதனை மைனஸ் 15 பாகையிலும் செய்யப்படுகிறது. புகை அடித்து ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அதனால் பிரஷர் மீட்டரின் முள் சற்று உயர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கனமான ஆயில் டர்போவுக்கும், வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கும் தாமதமாகவே போய்ச் சேரும். ஃபில்டர் ஆயிலை எளிதாக விடாதபோது திறக்கும் பைபாஸ் வால்வும் கூடுதல் நேரம் திறந்திருந்து, வடிகட்டாத ஆயிலை உள்ளே விடும். இன்ஜினைக் கழற்றி இறக்கி வேலை பார்க்கும் நாள் வரை சமாளிக்க அது உதவலாமே தவிர, ஆயுளைக் கூட்டாது.

ஆயில் ஃபில்டரை வாங்கும்போது பெட்டியில் வெறுமனே "20 மைக்ரான்" என்றிருப்பதை நம்ப வேண்டாம். அந்த அளவுள்ள துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்பதே கேள்வி: அதைச் சொல்லும் எண்தான் பீட்டா. பீட்டா 2 என்றால் பாதி நழுவிப்போகிறது, பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடுகிறது. பேரிங்கில் ஆயில் படலம் சில மைக்ரான் கனமே இருப்பதால், 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்களே அதிகம் தேய்ப்பவை. இவற்றைப் பிடிக்கத்தான் பைபாஸ் ஃபில்டர். பம்பு தரும் ஆயிலில் சிறு பங்கை மட்டும் நிதானமாக வடித்து சம்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திருப்பும் இது, நீண்ட தூரம் ஓடும் வண்டிக்குப் பயன் தரும். ஆனால் அதன் ஹோஸ் உராய்ந்து வெடித்தால் சில நிமிடங்களில் சம்பு காலியாகிவிடும். சேசிஸில் உராயாமல் கிளிப் போட்டுக் கட்டத் தெரிந்தவரிடமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

ஆயில் மாற்றும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். கழற்றிய ஃபில்டரை வீசிவிடாமல் தகரத்தை வெட்டித் திறந்து, பேப்பர் மடிப்பைப் பிழிந்து வெயிலில் விரித்துப் பாருங்கள். மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் ரிங், லைனர், கிராங்க் பக்கம் தேய்மானம். ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருந்தால் பேரிங்கை உடனே கவனிக்க வேண்டும். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும். ஃபில்டரை முன்கூட்டி நிரப்புவோர் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக ஊற்ற வேண்டும். நடுத் துளையில் ஊற்றினால் வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போய்விடும். பிறகு ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரஷர் முள் எழும் வரை செல்ஃபை விட்டுவிட்டு அடித்து, அதன் பின்னரே ஸ்டார்ட் செய்தால் டர்போ வறண்டு சுற்றாது.

உள்ளே சகதி படிந்த இன்ஜினில் ஃபிளஷ் ஆயில் ஊற்றுவது ஆபத்தானது. கரைந்து விழும் சகதி சம்பிலுள்ள சல்லடையை அடைத்துவிடும். அதற்குப் பதிலாக நல்ல ஆயிலை ஊற்றி, வழக்கமான தூரத்தில் பாதியிலேயே இரண்டு முறை மாற்றினால் சகதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஆணியால் குத்தி ஓட்டையிடுங்கள். போலி ஆயிலை அடைப்பவர்கள் தேடுவது ஓட்டையில்லாத காலி டப்பாவைத்தான்.

மாற்றும் தூரத்துக்கு வண்டியின் கையேடே ஆதாரம். ஆனால் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும் டிப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். மணி நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் எத்தனை லிட்டர் டாப்-அப் ஊற்றினோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவது போலவே, ஊற்றாமலே ஏறுவதும் கெட்ட அறிகுறி. ஃபீட் பம்பு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பு) வழியாக டீசல் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்வது அதற்கு ஒரு காரணம். கம்பியை முகர்ந்து டீசல் வாடை அடித்தால், முதலில் பம்பைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும்.