மாடல் ரயில் தண்டவாளம்: மின்னணு கிளீனரை மாட்டும் முன்

இன்ஜின் பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) மேல் ஏறியதும் திணறி நின்றுவிடுகிறதா? மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் தண்டவாளத்துக் கறுப்புப் பிசுக்குதான் காரணம். கேஜ்மாஸ்டர் எச்எஃப்-1, பழைய ரெல்கோ போன்ற கிளீனர்கள் இதற்காகவே வந்தவை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு அறுந்ததும் உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தி, இடையில் இருக்கும் மெல்லிய அழுக்கை எரித்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் லேஅவுட் (தண்டவாள அமைப்பு) டிசியா, டிசிசியா? டிசியில் கன்ட்ரோலர் தண்டவாளத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும்; டிசிசியில் தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை போகும். டிசிசி என்றால் இதைத் தொடவே வேண்டாம். அந்தக் கட்டளையைப் படிக்க இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் சிப் கருகிவிடும். டிசி லேஅவுட்டில்கூட ஆபத்து உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்ஜினுக்குள் பழைய உரிமையாளர் டீகோடர் பொருத்தியிருக்கலாம். அது டிசியிலும் ஓடும் என்பதால் வெளியே தெரியாது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு மையம் இல்லாத மோட்டார்) இன்ஜினையும் நான் இதில் ஓட்டுவதில்லை.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். கெட்டியான அழுக்கை எந்த மின்னணுச் சாதனமும் எரிக்காது. எமரித் தாள் கூடவே கூடாது; அது போடும் கீறல்களில்தான் அழுக்கு மறுபடி குடியேறும். ஆல்கஹால் முழுக்கக் காயட்டும், ஜன்னலையும் திறந்து வையுங்கள். கிளீனர் பொறி கிளப்பும் சாதனம், ஆல்கஹால் ஆவியோ சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அப்புறம் வயரிங். கன்ட்ரோலர் கம்பிகள் கிளீனருக்கு, அங்கிருந்து தண்டவாளத்துக்கு. தனி மின் இணைப்பு தேவையா என்று அதோடு வந்த தாளைப் பாருங்கள். ஃபீட்பேக் வகை கன்ட்ரோலரோடு (மோட்டாரின் வேகத்தை உணர்ந்து தானாகவே சரிசெய்யும் வகை) இது ஒத்துப்போகாது. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, வேண்டாதபோது கிளீனரை முழுசாக விலக்கிவிடும்படி செய்யுங்கள். இயங்கும்போது தண்டவாளத்தில் கை வைக்காதீர்கள், சுரீர் என்று இருக்கும்.

இன்ஜினை மெதுவாக ஓட்டுங்கள். தொடர்பு அறும் இடங்களில் சாதனத்தின் விளக்கு மினுக்கும்.

பின்சேர்க்கை: “எல்லாம் சரியாக மாட்டியும் வேலையே செய்யவில்லை” என்று சிலர் எழுதியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கிளிப்பைத் திருப்பிப் பாருங்கள். டிவி இரைச்சலைத் தடுக்க அதில் ஒரு கெபாசிட்டர் இருக்கலாம். உயர் அதிர்வெண் மின்சாரம் அதன் வழியாகவே ஓடிவிடும். அதை எடுத்துவிட்டுக் கெபாசிட்டர் இல்லாத கிளிப்பைப் போடுங்கள். உள்விளக்கு எரியும் பெட்டிகளோ இன்னொரு இன்ஜினோ அதே தண்டவாளத்தில் நின்றாலும் இதே கதைதான். சுற்று அறுந்ததாகவே கிளீனருக்குத் தெரியாது, அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.