திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நடக்கப் போறீங்களா?

காலை 6 மணிக்கே தொடங்குங்கள். 9 தாண்டினால் மேல்மணல் காலைச் சுடும். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர் வேண்டும், கடற்கரையில் நிழல் இல்லை.

அலை வந்து திரும்பும் ஈர மணலிலேயே நடந்து போங்கள். உலர்ந்த மணலில் ஒவ்வோர் அடியும் பின்னுக்கு வழுக்கி, கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கரை கடல்பக்கம் சரிவதால் போகும்போது ஒரே கால்தான் தாழ்ந்து நிற்கும். முழங்கால் வலி வருவது இதனால்தான். திரும்பும்போது அதே கரையில் வந்தால் சரிவு மற்றக் காலுக்கு மாறும்.

மணல்மேட்டில் அடம்பன் கொடி படர்ந்த இடத்தை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். இராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காதீர்கள்: நுனி ஊசிபோல, செருப்புக்கு மேலே குத்தும். மூடின சப்பாத்து நல்லது. சவுக்கு மரங்களுக்குக் கீழே உதிர்ந்த சருகு மெத்தென்று இருந்தாலும் காய்ந்த காய்கள் வெறுங்காலைப் பதம் பார்க்கும்.

மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள். இழுவையில் அது திடீரென்று விறைத்து மேலே எழும்பும். இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள்.

வடக்கே சல்லி அம்மன் கோவிலுக்கு முன் கழிமுகம் குறுக்கிடும். ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம். வீதியால் சுற்றிப் போகலாம். மார்கழி மழைக்காலத்தில் இந்த நடையே வேண்டாம்.